நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது

கிருஷ்ணகிரியில் ரயில்வே ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். 2004-ல் தனி மாவட்டமான ஊர். மாங்கூழ் கப்பல் ஏறுகிறது, கிரானைட் கப்பல் ஏறுகிறது. ஆனால், மாவட்டத் தலைநகரில் ஏற ஒரு ரயில் இல்லை.

1905-ல் இருந்தது, ஸ்வாமி! திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு சுமார் 40 கிலோமீட்டர், இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஒரு குட்டி ரயில். அடுத்த வருடம் மொரப்பூர் – தருமபுரி. 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டு போகவேண்டுமே என்று போட்ட பாதைகள். பிறகு பஸ்ஸும் லாரியும் வந்தன. வருமானம் படுத்தது. உலகப் போரும் வந்தது. 1940-களின் தொடக்கத்துக்குள் எல்லாவற்றுக்கும் மூடுவிழா. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. நஷ்டத்தில் ஓடுவதை எத்தனை நாள்தான் ஓட்டுவது? என் கேள்வி வேறு. தண்டவாளம் போனது சரி, அதன் அடியில் இருந்த நிலம் எங்கே போனது?

பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இயந்திரம் தேயும், கட்டடம் தேயும், நிலத்துக்கு மட்டும் தேய்மானம் கிடையாது. 40 கிலோமீட்டர் நீளம். அகலம் ஒரு பத்து மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போடுங்கள். கிட்டத்தட்ட நூறு ஏக்கர்! அதுவும் ஒரே கோடாக, ஊரையும் ஊரையும் தொட்டுக்கொண்டு போகிற நூறு ஏக்கர். இன்றைக்குக் காசு கொட்டினாலும் அப்படி ஒரு கோடு கிடைக்காது.

சந்தேகம் இருந்தால் மொரப்பூர் பக்கம் போய்ப் பாருங்கள். தருமபுரிக்கு மறுபடி ரயில் விடப்போகிறோம் என்று 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். வெறும் 36 கிலோமீட்டர். பழைய பாதையின் மேல் பல இடங்களில் வீடுகள் வந்துவிட்டன. வருடக்கணக்கில் நடந்தது ரயில் வேலை இல்லை, நிலம் எடுக்கிற வேலை. அந்த வீட்டுக்காரர்களைத் திட்டாதீர்கள். கேட்பாரற்றுக் கிடந்த இடத்தில் கூரை போட்டவர் மேல் என்ன குற்றம்? கேட்க வேண்டியவர்கள் தூங்கியதுதான் குற்றம்.

தூங்காதவர்கள் என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் 1983-லேயே சட்டம் போட்டார்கள். ரயில் நின்றால் நிற்கட்டும், பாதையைத் துண்டு போடாதே. நடக்க, சைக்கிள் ஓட்டக் கொடு. நாளை ரயில் வேண்டுமானால் திருப்பி எடுத்துக்கொள் என்று. மிசௌரி மாநிலத்தில் 1986-ல் மூடிய ஒரு ரயில் தடம், இன்றைக்கு சுமார் 385 கிலோமீட்டர் நடைபாதை. கேட்டி டிரெயில் என்று பெயர். மனிதர்கள் நடந்துகொண்டே இருந்தால் எவனும் வேலி போட முடியாது பாருங்கள்! சம்பளம் இல்லாத காவல்காரர்கள்.

அமெரிக்கா வேண்டாம், நம்ம போடிக்கு வாருங்கள். மதுரை – போடி மீட்டர்கேஜ் பாதையை 2010-ன் கடைசியில் மூடினார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று, 2023-ல் அகல ரயில் போய்ச் சேர்ந்துவிட்டது. தாமதம்தான். ஆனாலும் வந்தது. ஏன்? நிலம் கையில் இருந்தது.

'சோத்துக்கே வழியில்லாத ஊரில் வாக்கிங் போகப் பாதையா?' என்று கேட்பீர்கள். வாக்கிங் போகிறவர்களுக்கு என்று யார் சொன்னது? ஓசூரில் ஷிஃப்ட் முடிந்து சாலை ஓரமாக நடக்கிறவர்களைப் பாருங்கள். லாரி ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, ஓசூரிலேயே தயாரான மொபெட்டும் ஓடுகிறது. நடக்கிறவன் மட்டும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறான். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவச சைக்கிள் கொடுக்கிறது. நல்ல திட்டம். அதை எங்கே ஓட்டுவது, ஆறு வழிச் சாலையிலா?

சைக்கிள் கொடுக்கிற அரசாங்கத்துக்குப் பாதை கொடுக்கவும் கடமை உண்டு. செய்ய வேண்டியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பழைய வரைபடத்தை எடுங்கள். இரண்டு தடத்திலும் ரயில்வே பெயரில், அரசு பெயரில் இன்னும் மிச்சம் இருப்பதை அளந்து கல் நடுங்கள். வீடு இருக்கும் இடத்தை விடுங்கள். வெற்றிடமாகக் கிடப்பதில் மண்ணைச் சமப்படுத்தி, இரண்டு பக்கமும் புங்கமரம் வையுங்கள். ஐந்து கிலோமீட்டர் தேறினாலும் லாபம்தான். இனிமேல் எங்கே தண்டவாளத்தைப் பிடுங்கினாலும், மறுநாளே அந்தத் தடத்தை ஜனங்கள் நடக்கத் திறந்துவிடுங்கள்.

பஞ்சத்துக்குப் பயந்து வெள்ளைக்காரன் போட்ட பாதையை நாம் தின்று தீர்த்துவிட்டோம். மிச்சத்தையாவது வைப்போம். நாளைக்கு ரயில் வரும்போது, 'நிலம் எங்கே?' என்று மறுபடியும் முழிக்க வேண்டியிருக்காது.