திருகாணிக்கும் மேடையில் இடமுண்டு!

நண்பர்களே, ஒரு கேள்வி. நட்டு, போல்ட்டு, வாஷர்... இதுக்கும் சங்கீதத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? "ஸ்பீக்கர் பாக்ஸை முறுக்க வேணும்ல?" என்றான் மெக்கானிக்கல் நண்பன் ஒருவன். அவன் சொன்னது பாதி பதில். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்த மலரில் பக்கம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

அமெரிக்காவில் ஜான் கேஜ் என்று ஓர் இசையமைப்பாளர் இருந்தார். 1912-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்து 1992-ல் நியூயார்க்கில் மறைந்தவர். அவருடைய அப்பா ஒரு கண்டுபிடிப்பாளர். நீர்மூழ்கிக் கப்பல் வரைக்கும் செய்து பார்த்த மனுஷன். மகனுக்கு அந்த ரத்தம் ஓடாமல் இருக்குமா? ஒரு மேடையில் நடன நிகழ்ச்சி. அதற்கு இசை கேஜ். அவருக்கு வேண்டியது டிரம், தட்டு, மணி என்று ஒரு பெரிய கூட்டம். மேடையிலோ ஒரு பியானோவுக்குத்தான் இடம். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? 'இடம் பத்தாது சார்' என்று சொல்லிவிட்டுக் கேண்டீனுக்குப் போயிருப்போம்! அவர் பியானோவின் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டார். முதலில் ஒரு தட்டைக் கம்பிகளின் மேல் வைத்துப் பார்த்தார். ஓசை நன்றாக இருந்தது, ஆனால் தட்டு துள்ளி ஓடியது. ஆணி வைத்தார். வழுக்கி உள்ளே விழுந்தது. பிறகுதான் திருகாணியைக் கம்பிகளுக்கு நடுவே செருகினார். நின்றது! ஏன் நின்றது? ஆணிக்கு மரை கிடையாது, திருகாணிக்கு மரை உண்டு. முதல் வருஷ ஒர்க்‌ஷாப் பாடம்தானே இது! ஒரே பியானோவுக்குள் டிரம்மும் மணியும் குடியேறிவிட்டன. 1940-ஐ ஒட்டி, சியாட்டில் நகரத்துக் கார்னிஷ் பள்ளியில், சிவில்லா ஃபோர்ட் என்ற நடனப் பெண்மணிக்காக நடந்த வேலை இது.

பின்னால் 1946-லிருந்து 1948 வரை இதே முறையில் ஒரு பெரிய படைப்பை எழுதினார். அதற்கு 45 சுரங்களின் கம்பிகளில் திருகாணி, போல்ட், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் வைக்க வேண்டும். எந்தக் கம்பிக்கு எந்தப் பொருள், டாம்பரிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி என்று ஒரு அட்டவணையே போட்டுக் கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்தால் இசைப் புத்தகம் மாதிரியே தெரியாது, நம்ம மெஷின் டிராயிங் ஷீட் மாதிரிதான் தெரியும். ஒரு அங்குலத்தில் சின்னப் பின்னம் தள்ளினால்கூடத் தொனி மாறிவிடும். டாலரன்ஸ் என்றால் என்ன என்று கேட்கும் வைவா சார்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

கேஜைப் பற்றிப் பேசினால் எல்லாரும் உடனே அந்த 4 நிமிடம் 33 விநாடி மௌனத்துக்குத்தான் போவார்கள். 1952-ல் டேவிட் டியூடர் பியானோ முன்னால் உட்கார்ந்து ஒன்றுமே வாசிக்காமல் எழுந்து போனது. அதை வைத்து ஜோக் அடிப்பது சுலபம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு ஒன்று: இந்த ஆள் தனியாக உட்கார்ந்து இசை செய்தவரில்லை. எப்போதும் கூடவே ஒரு நடனக்காரர், ஒரு ஓவியர், ஒரு இன்ஜினியர்.

நடனக்காரர் மெர்ஸ் கன்னிங்ஹாம். 1944-ல் நியூயார்க்கில் இருவரும் சேர்ந்து முதல் நிகழ்ச்சி கொடுத்தார்கள். கேஜ் சாகும்வரை அந்தக் கூட்டு விடவில்லை. அவர்கள் வைத்துக்கொண்ட ஒப்பந்தம்தான் வேடிக்கை. இசை தனி, நடனம் தனி. இரண்டுக்கும் பொது ஒன்றே ஒன்று... நேரம்! இத்தனை நிமிஷம் என்று பேசிக்கொள்வார்கள், அவரவர் வேலையை அவரவர் செய்வார்கள், மேடையில்தான் சேர்வார்கள். ஒத்திகைக்கு ஸ்டாப் வாட்ச். அரங்கேற்ற ராத்திரிதான் ஆடுகிறவர்கள் இசையையே முதன்முதலாகக் கேட்டதும் உண்டு. சலங்கையும் மிருதங்கமும் ஒட்டித்தான் நிற்க வேண்டும் என்று வளர்ந்த காது நமக்கு. இது எனக்கு இன்றைக்கும் முழுசாக ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒருத்தருக்கு ஒருத்தர் அடிமை இல்லை என்ற அந்த மரியாதை இருக்கிறதே, அது பிடித்திருக்கிறது.

இனி நம்ம ஏரியா! 1965 ஜூலை 23, நியூயார்க்கின் லிங்கன் சென்டர். மேடை முழுக்க ஆளுயரத்தில் ஆன்டெனாக் கம்பிகள். செய்து கொடுத்தவர் ராபர்ட் மோக், பின்னால் சிந்தசைஸரால் உலகப் புகழ் பெற்ற அதே மோக். நடனக்காரர் கம்பி பக்கத்தில் வந்தால் அவர் உடம்பாலேயே கெப்பாசிடன்ஸ் மாறும், அதற்கேற்ப சிக்னல் மாறும். போதாக்குறைக்கு ஒளி மறைந்தால் உணரும் போட்டோசெல்கள். அவை பெல் ஆய்வகத்து பில்லி க்ளூவரின் கைங்கரியம். ஓரத்தில் டேப் ரெக்கார்டர்களும் சிற்றலை ரேடியோக்களும் ஓடிக்கொண்டிருக்க, எது எப்போது கேட்கும் என்பதில் ஆடுகிறவர்களின் அசைவுக்கும் பங்கு. பின்னால் திரைகளில் ஸ்டான் வாண்டர்பீக்கின் படங்களும், நாம் ஜூன் பைக் டிவியைத் திரித்து எடுத்த உருவங்களும். கன்னிங்ஹாம் கடைசியில் சைக்கிளில் ஏறி அந்தக் கம்பிகளுக்கு நடுவே ஒரு ரவுண்டு வருவார். இசைக்கு ஆடியது போய் ஆட்டத்துக்கு இசை! 'வேரியேஷன்ஸ் ஃபைவ்' என்று அதற்குப் பெயர்.

அடுத்த வருஷம் இன்னும் பெரிதாக ஒன்று. 1966 அக்டோபர் 13 முதல் 23 வரை, நியூயார்க்கில் ஒரு பழைய ராணுவப் பயிற்சிக் கூடத்தில் ஒன்பது மாலைகள். 10 கலைஞர்கள், கூடவே பெல் ஆய்வகத்திலிருந்து ஏறத்தாழ 30 இன்ஜினியர்கள். (டிரான்ஸிஸ்டர் பிறந்ததே அந்த ஆய்வகத்தில்தான், 1947-ல்.) கேஜ் என்ன செய்தார் தெரியுமா? முன்கூட்டிப் பதிவு செய்த ஒலி எதுவும் வேண்டாம், இந்த நிமிஷம் ஊரில் கேட்பதுதான் வேண்டும் என்றார். நகரத்தின் பல மூலைகளிலிருந்து டெலிபோன் லைன் இழுத்தார்கள். ஒரு ஹோட்டல், ஒரு பத்திரிகை அலுவலகம், ஒரு மின் நிலையம், தொலைந்து போன நாய்களை வைத்திருக்கும் கூடம், பறவைக் கூண்டு என்று அங்கங்கே ரிசீவரை எடுத்து வைத்துவிட்டார்கள். ஊரே அந்தக் கூடத்துக்குள் வந்து இரைந்தது. கீகர் கவுண்டரும் மிக்ஸியும் கூடச் சேர்ந்துகொண்டன.

அந்த மாலைகளில் தாமதம் ஆனது, சில கருவிகள் வேலை செய்யவில்லை. பத்திரிகைக்காரர்கள் சும்மா விடுவார்களா? கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஆனாலும் நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு கலைஞர் பெயரோடும் அவருடன் உழைத்த இன்ஜினியரின் பெயரும் அச்சாகியிருந்தது. கேஜுக்குத் துணை நின்றவர் செசில் கோக்கர் என்று இன்றைக்கும் நாம் படித்துத் தெரிந்துகொள்ள முடிகிறது. சோல்டரிங் அயர்ன் பிடித்த கைக்கு ஒரு பெயர் உண்டு என்று ஒத்துக்கொண்டார்கள். எனக்கு இந்த விஷயத்தில் பிடித்ததே இதுதான்.

நம்ம ஜாதிக்குச் சொந்தமான கதை ஒன்றும் இருக்கிறது. 1968 மார்ச் 5, கனடாவின் டொரன்டோ நகரம். இடம்? ரயர்சன் பாலிடெக்னிக்! ஆமாம், பாலிடெக்னிக்கேதான். (பிறகு பல்கலைக்கழகமாகி, 2022-ல் பெயரும் மாறிவிட்டது.) கேஜுக்கு ஒரு ஆசை: செஸ் ஆட வேண்டும், காய் நகர்த்த நகர்த்த இசை மாற வேண்டும். லோவல் கிராஸ் என்ற மாணவரிடம் போர்டு செய்து தரச் சொன்னார். அவரோ, "தீஸிஸ் வேலை இருக்கு, முடியாது" என்று நழுவப் பார்த்தாராம். (உலகம் பூரா மாணவன் ஒன்றுதான்!) எதிரே உட்கார்ந்து ஆடப்போவது யார் என்று கேஜ் சொன்னதும்தான் மனசு மாறியது. அவர் மார்செல் டூஷாம்ப். ஓவிய உலகத்தைத் தலைகீழாகப் புரட்டியவர், செஸ்ஸில் புலி.

போர்டின் 64 கட்டத்துக்கும் அடியில் ஆளுக்கொரு எல்.டி.ஆர். காய் உட்கார்ந்தால் ஒளி மறையும், ரெசிஸ்டன்ஸ் ஏறும். காய் எழுந்தால் வெளிச்சம் விழும், ரெசிஸ்டன்ஸ் இறங்கும். நாலு இசைக்காரர்கள் ஓரமாக இருந்து விடாமல் ஒலி கொடுத்துக்கொண்டே இருக்க, அதில் எது கேட்கும், எந்த ஸ்பீக்கரில் கேட்கும் என்பதைக் காய்களே முடிவு செய்தன. நாம் லேபில் எல்.டி.ஆரை வைத்து எடுத்த ரீடிங்கை ரெக்கார்டு நோட்டில் கிராஃபாக வரைந்து கையெழுத்து வாங்கினோமே, அதே சமாசாரம்தான்! டூஷாம்ப் தன் குதிரை ஒன்றை முன்கூட்டியே விட்டுக் கொடுத்து ஆடியும் கேஜைத் தோற்கடித்தார். அடுத்து டூஷாம்பின் மனைவியோடு கேஜ் ஆடிய ஆட்டம் நள்ளிரவையும் தாண்டி நீண்டது. அதற்குள் பார்க்க வந்த கூட்டம் பெரும்பாலும் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. போரடித்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் போர்டு வேலை செய்தது.

இது வெள்ளைக்காரன் சமாசாரம், நமக்கெதுக்கு என்று சிலர் கேட்கலாம். கேஜுக்கு 1946-ல் இந்திய இசை பற்றிச் சொல்லிக் கொடுத்தவர் அகமதாபாத்தின் கீதா சாராபாய். பதிலுக்கு அவர் இவரிடம் மேற்கத்திய இசை கற்றுக்கொண்டார். இசை எதற்காக என்று கேஜ் கேட்டபோது, மனசை அடக்கி அமைதியாக்க என்று தன் குரு சொன்னதைச் சொன்னாராம் கீதா. அதைக் கேஜ் கடைசிவரை மறக்கவில்லை. கேஜ் விழுந்து விழுந்து படித்த இன்னொருவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் பிறந்தவர், தமிழரான முத்து குமாரசுவாமியின் மகன். கலை என்பது இயற்கையின் உருவத்தைக் காப்பியடிப்பதல்ல, இயற்கை வேலை செய்யும் விதத்தைப் பின்பற்றுவது என்ற எண்ணத்தைக் கேஜ் அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார். அந்தக் குமாரசுவாமியும் முதலில் யார்? கலை எழுத்தாளர் இல்லை. ஜியாலஜிஸ்ட்! இலங்கையில் கனிமம் தேடி அலைந்தவர், தோரியனைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தவர். டியூடர் 1969-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து ஒரு மோக் சிந்தசைஸரை நிறுவிக் கொடுத்ததும் இந்தத் தொடர்பின் கிளைதான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் என்ன நடக்கிறது? பேரவைப் பணத்தில் பெரும் பங்கு வெளியிலிருந்து வரும் மெல்லிசைக் குழுவுக்கும் வாடகை லைட்டுக்கும் போகிறது. மைக் 'கூ...' என்று கத்தினால் மொத்தக் கூட்டமும் திரும்பி நம்மை முறைக்கும். நன்றாகக் கேட்டால்? ஒருத்தரும் திரும்புவதில்லை. பாடியவருக்குப் பொன்னாடை, ஆடியவருக்கு ஷீல்டு. மூணு நாள் தூங்காமல் கேபிள் இழுத்தவனுக்கு அரைத் தட்டு தக்காளி சாதம், அதுவும் மிஞ்சினால். "நீங்க வெறும் டெக்னிக்கல்தானப்பா" என்று போன வருஷம் ஒரு பெரியவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த 'வெறும்'தான் எனக்கு உறுத்துகிறது. 'வெறும் டிப்ளமோதானே' என்று வெளியில் நாம் தினமும் கேட்கிற அதே 'வெறும்'!

"சினிமாப் பாட்டு இல்லைன்னா கூட்டம் நிக்காதுடா மாப்ளே" என்கிறான் கலைப் பிரிவு நண்பன். உண்மைதான். சினிமாப் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை, எனக்கும் பிடிக்கும். நான் கேட்பது 20 நிமிஷம். நம்ம நடனக் குழு ஆட, நம்ம எலெக்ட்ரானிக்ஸ் பசங்க செய்த சென்சார் ஒலி கொடுக்க, மெக்கானிக்கல் பசங்க அடித்த ஃபிரேமில் நம்ம சிவில் அண்ணன்கள் மேடை அமைக்க, ஒரே ஒரு நிகழ்ச்சி. டேப் ரெக்கார்டர் தேட வேண்டியதில்லை, எல்லார் பாக்கெட்டிலும் போன் இருக்கிறது. கேஜ் டெலிபோன் கம்பெனியிடம் அலைந்து வாங்கிய லைன்கள், நமக்கு ஒரு கான்ஃபரன்ஸ் கால்! எல்.டி.ஆர். ஒன்று டீ விலைக்கும் வராது. பஸ் ஸ்டாண்டில் ஒரு போன், மில் வாசலில் ஒரு போன், கோயில் மணி பக்கத்தில் ஒன்று, நம்ம லேத் ஷாப்பில் ஒன்று. கேட்டுப் பார்க்க ஆசையாக இல்லையா?

சொதப்பினால் என்ன ஆகும்? சிரிப்பார்கள். பெல் ஆய்வகத்துக்காரர்களையே சிரித்தார்கள்.

இதற்காகப் பேரவைச் செயலாளர் அண்ணனிடம் மனு கொடுத்தாயிற்று. 20 நிமிஷம், கொஞ்சம் பணம், அழைப்பிதழில் எல்லாருடைய பெயரும் — சோல்டர் வைத்தவர் பெயர் உட்பட. முதல் இரண்டையும் "பார்க்கலாம்" என்றார். மூன்றாவதற்கு "இடம் பத்தாதே தம்பி" என்றார். எழுத்தைச் சின்னதாக்கினால் இடம் வரும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஆட வருகிற அக்காமார்களும், அயர்ன் பிடிக்கத் தெரிந்த தம்பிமார்களும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி பீரியட் முடிந்ததும் எலெக்ட்ரானிக்ஸ் லேபுக்கு வாருங்கள். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் கையோடு எடுத்து வரவும், லேபில் இருப்பதற்கு ஃபியூஸ் போய்விட்டது.