அறிவியல் பக்கம்: மீனின் கண்ணும் நம் பிள்ளைகளின் கண்ணும்



காப்போ சந்தையிலும் பல்லாரோவிலும் மீன் வாங்கும்போது நாம் முதலில் பார்ப்பது மீனின் கண்ணைத்தான். கண் தெளிந்து புடைத்திருந்தால் நல்ல மீன். மங்கிக் குழிவிழுந்திருந்தால் பழைய மீன். ஊரில் அம்மாமார் சொல்லித்தந்த இந்தப் பாடம், சீசாவில் குடியேறிய பின்பும் நமக்குக் கைகொடுக்கிறது. ஆனால் அந்தக் கண்ணுக்குள் என்ன இருக்கிறது, அது எப்படி உருவாகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இம்முறை அதைப் பற்றிப் பேசுவோம். பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கு இதில் ஒரு முக்கியமான சேதியும் உண்டு.

மீனின் கண்ணும் நமது கண்ணும் அமைப்பில் பெரும்பாலும் ஒத்தவை. கண்ணின் உட்புறத்தில் விழித்திரை என்னும் மெல்லிய படை இருக்கிறது. ஒளியை உணரும் கலங்கள் அங்கேதான் உள்ளன. அவற்றில் இரு வகை உண்டு. கோல்கள் மங்கிய ஒளியில் பார்க்க உதவுகின்றன. அவற்றால் நிறம் பிரித்தறிய முடியாது. கூம்புகள் நல்ல வெளிச்சத்தில் வேலை செய்து நிறங்களைக் காட்டுகின்றன. மனிதருக்கு நீலம், பச்சை, சிவப்பு என மூன்று வகைக் கூம்புகள் உள்ளன.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. உடலின் ஏறத்தாழ எல்லாக் கலங்களிலும் இருப்பவை அதே பரம்பரை அலகுகள்தான். அப்படியானால் ஒரு கலம் கோலாகவும் பக்கத்துக் கலம் கூம்பாகவும் மாறுவது எப்படி? ஒரு வீட்டில் பெரிய சமையற் குறிப்புப் புத்தகம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். புத்தகம் ஒன்றே. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறக்கிறோமோ அந்தப் பலகாரம்தான் கிடைக்கும். சில பரம்பரை அலகுகளின் வேலையே, 'இந்தக் கலத்தில் இந்தப் பக்கத்தைத் திற, அந்தப் பக்கத்தை மூடு' என்று கட்டளையிடுவதுதான்.

இதை விஞ்ஞானிகளுக்குக் கற்றுத்தந்த ஆசான்களில் ஒன்று, நமது பக்கத்துச் சின்ன மீன். கங்கையிலும் அதன் கிளையாறுகளிலும் வாழும் வரிக்குதிரை மீனை, 1822ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் பிரான்சிஸ் ஹமில்ரன் விவரித்தார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன் அது. அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் ஸ்ரைசிங்கர் என்பவர் இதை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தார். நாசிகளின் கொடுமைக்குத் தப்பி, குடும்பத்தோடு ஹங்கேரியை விட்டுச் சென்றவர் அவர். 1981இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் உலகெங்கும் இந்த மீன் பிரபலமாயிற்று. காரணம் எளிது. இதன் முட்டை தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது. கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிகிறது. கண் உருவாவதை நாள்தோறும் நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். ஐந்தே நாளில் குஞ்சு அசையும் பொருளைக் கண்ணால் பின்தொடரும்.

இந்த மீனுக்கு நம்மைவிட ஒரு கூம்பு அதிகம். நாம் காணாத புறஊதா ஒளியையும் அது காணும். ரி.பி.எக்ஸ்.2பி என்ற பரம்பரை அலகு பழுதடைந்தால், புறஊதாக் கூம்பாக வளரவேண்டிய கலங்கள் கோல்களாகி விடுகின்றன. 2009இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. பொக்ஸ்-கியூ-2 என்ற அலகு இல்லாவிட்டால் நீலக் கூம்பு உருவாகாது. தைரொயிட் சுரப்பின் செய்தியை ஏற்கும் ஓர் அலகு இல்லாவிட்டால் சிவப்புக் கூம்பு உருவாகாது. ஒரு கட்டளை தவறினால் ஒரு வகைக் கலமே இல்லாமற் போகிறது, அல்லது வேறொன்றாகி விடுகிறது.

நாம் வாழும் சிசிலித் தீவிலும் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. மெசினா நீரிணையின் நீரோட்டங்கள் ஆழ்கடல் மீன்களை மேலே தள்ளிக் கரையில் ஒதுக்கும். அவற்றுள் ஒன்று மவுரோலிக்கஸ் என்னும் வெள்ளிநிறச் சிறுமீன். மெசினாவைச் சேர்ந்த அனஸ்தாசியோ கொக்கோ 1838இல் இந்தப் பெயரை வைத்தார். அது 16ஆம் நூற்றாண்டில் மெசினாவில் வாழ்ந்த பிரான்செஸ்கோ மவுரோலிக்கோவின் நினைவாக வைத்த பெயர். கண்ணின் வில்லை ஒளியை எப்படி வளைக்கிறது, மூக்குக்கண்ணாடி எப்படி உதவுகிறது என்று எழுதிய அறிஞர் அவர். துருக்கியருக்கு அஞ்சி கொன்ஸ்தாந்திநோபிளை விட்டு வந்த கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தவர்.

மவுரோலிக்கஸ் மீனின் கண்ணில் கோல்கள் மட்டுமே இருப்பதாக நெடுங்காலம் நம்பினார்கள். 2017இல் பரம்பரை அலகுகளைச் சோதித்தபோது வேறு கதை தெரிந்தது. உருவத்தில் கோல், உள்ளே இயங்குவதோ கூம்பின் அலகுகள். அந்தியிலும் விடியலிலும் இரை தேடும் அந்த மீனுக்கு, இரண்டும் கலந்த கலமே பொருத்தமாக அமைந்துள்ளது. ஆக, கலத்தின் தோற்றத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. உள்ளே எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

இனி நம் பிள்ளைகளிடம் வருவோம். என்.ஆர்.2.ஈ.3 என்ற அலகு மனிதரில் பழுதடைந்தால், கோல்களாக வேண்டிய கலங்கள் நீலக் கூம்புகள் ஆகிவிடுகின்றன. அந்தப் பிள்ளைக்குச் சிறுவயதிலேயே இருட்டில் கண் தெரியாது. வேறு சில அலகுகள் பழுதடைந்தால், நன்றாக உருவான கோல்களே வரவர அழிகின்றன. இதை இங்கே 'ரெத்தினீத்தே பிக்மெந்தோசா' என்பார்கள். உலகில் ஏறத்தாழ 4000 பேருக்கு ஒருவரிடம் இது காணப்படுகிறது.

மாலைக்கண் என்றால் கரட், முருங்கையிலை, ஈரல் கொடுத்தால் போதும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். விற்றமின் ஏ குறைவால் வந்த மாலைக்கண்ணுக்கு அது சரியான வைத்தியம். பரம்பரை அலகால் வந்ததற்கு அது போதாது. அதற்காக விற்றமின் ஏ குளிசைகளை வைத்தியரைக் கேளாமல் அதிகமாகக் கொடுப்பதும் ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு மேலும் ஆபத்து.

இன்னொன்றையும் கூச்சமின்றிச் சொல்லவேண்டும். நம்மிடையே மச்சான் மச்சாள் கலியாணம் வழக்கம். நெருங்கிய உறவினர் இருவரும் பழுதான அதே அலகைத் தமக்குத் தெரியாமலே சுமந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியிருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அந்நோய் வரக்கூடும். இது யாருடைய குற்றமுமல்ல. தாயைக் குறைசொல்வதோ, மறைப்பதோ வேண்டாம். உறவுமுறையையும், குடும்பத்தில் எவருக்காவது பார்வை குறைந்ததா என்பதையும் வைத்தியரிடம் மறையாமல் சொல்லுங்கள். எந்த அலகில் பழுது என்று தேட அது உதவும்.

அந்தத் தேடலுக்கு இன்று பயனும் உண்டு. ஆர்.பி.ஈ.65 என்ற ஓர் அலகின் பழுதுக்கு, நல்ல அலகைக் கண்ணுக்குள் செலுத்தும் சிகிச்சை ஐரோப்பாவில் 2018இல் அங்கீகாரம் பெற்றது. அது எல்லோருக்கும் பொருந்தாது. அந்தப் பழுது உறுதியானவர்களுக்கு, அதுவும் விழித்திரையில் உயிருள்ள கலங்கள் போதிய அளவு மிஞ்சியிருந்தால் மட்டுமே பயன்தரும். ஆகவே பிந்தக்கூடாது.

பிள்ளை மாலையில் படியில் தடுக்கி விழுகிறதா? விளக்கணைந்த அறையில் சுவரைத் தடவி நடக்கிறதா? பக்கத்தில் வருபவரைக் கவனியாமல் மோதுகிறதா? 'கவனமில்லாத பிள்ளை' என்று ஏசுவதற்கு முன், தெஸ்செரா சனித்தாரியா அட்டையோடு பெடியாத்ராவிடம் போங்கள். பாஷை போதாவிட்டால் 'நொன் வேதே பேனே ஆல் பூயோ' என்று சொன்னால் போதும். 'இருட்டில் நன்றாகத் தெரிவதில்லை' என்பது அதன் பொருள். ஒக்குலிஸ்தாவிடம், அதாவது கண் வைத்தியரிடம், அனுப்பும் துண்டை எழுதித் தரும்படி கேளுங்கள்.

வரிக்குதிரை மீனின் விழித்திரை காயப்பட்டால் சில வாரங்களில் புதுக் கலங்கள் முளைத்துப் பார்வை திரும்பிவிடும். நமக்கு அந்த வரம் இல்லை. இருக்கும் கலங்களைக் காப்பதுதான் நம் கையில் உள்ளது. அடுத்த இதழில் சந்திப்போம்.