தேசிக்காய் சமையலறையிலேயே இருக்கட்டும்

தவணைப் பரீட்சை முடிந்த இரவுகளில் நம்மில் பலருடைய வீடுகளில் சமையலறை அலுமாரி வெறுமையாகிவிடுகிறது. பயற்றம் மா, தயிர், தேன், வெள்ளரிக்காய், கஸ்தூரி மஞ்சள், சீனி எல்லாம் குளியலறைப் பக்கம் குடிபெயர்கின்றன. ராத்தாவும் தங்கையும் முகத்தில் பச்சையும் மஞ்சளுமாகப் பூசிக்கொண்டு, சிரித்தால் வெடித்துவிடுமே என்று வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். “சாப்பிடுகிற சாமானை வீணாக்குகிறீர்களே” என்று பெரியவர்கள் கடிந்துகொள்வதும் உண்டு.

நான் அந்தப் பெரியவர்களின் பக்கம் இல்லை. மாதக்கணக்கில் கொப்பியும் வகுப்பும் ரியூசனுமாக ஓடிய பிள்ளைகள் ஓர் இரவு வீட்டுக்குள்ளேயே, செலவில்லாமல், கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் தலையை ஒருவர் எண்ணெய் வைத்து உருவிவிடுவது வீண்வேலை அல்ல. இரண்டு கரண்டி தயிருக்கு அதைவிட நல்ல பயன் கிடைப்பது அரிது. என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. “இது என்னத்துக்கு?” என்று அந்தப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேரின் பதில் “வெளுக்கத்தான்” என்பதாக இருக்கும். அந்த ஒரு சொல் வந்து உட்கார்ந்ததும் ஓய்வு போய்விடுகிறது. பரீட்சைக்குப் பிறகு இன்னொரு பரீட்சை ஆரம்பமாகிறது, கண்ணாடிதான் மேற்பார்வையாளர்.

வெளுக்க வேண்டும் என்று வந்துவிட்டால் முதலில் கைக்கு வருவது தேசிக்காய். நமது தோலின் மேற்பரப்பு இயற்கையிலேயே சிறிது அமிலத்தன்மை உடையது, அதன் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 5. தேசிக்காய்ச் சாறு 2 அளவில் இருக்கிறது. இந்த மூன்று படி என்பது ஆயிரம் மடங்கு என்பதை விஞ்ஞானப் பிரிவுத் தோழிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எரிச்சலோடு விட்டால்கூடப் பரவாயில்லை. தேசிக்காயில் வெயிலோடு சேர்ந்து வேலை செய்யும் சில இரசாயனங்களும் உள்ளன. சாறு படிந்த தோலில் வெயில் பட்டால் ஓரிரு நாளில் சிவந்து, சிலருக்குக் கொப்புளமும் போட்டு, பிறகு கருந்தழும்பாக நின்றுவிடும். வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் மறையாது. வெளுப்பதற்குப் பூசியது கறுப்பை எழுதிவிட்டுப் போகிறது. அப்பச்சோடாவும் இப்படித்தான், எதிர்ப்பக்கத்திலிருந்து. அது காரம், தோலின் பாதுகாப்புப் படையைக் கலைத்து வறளச் செய்யும். அப்பத்துக்கு நல்லது. முகத்துக்கு வேண்டாம்.

மஞ்சளும் பாலும் கடலை மாவும் அந்த அளவு கேடு செய்வதில்லை. ஆனால் அவையும் யாரையும் வெளுக்க வைத்ததில்லை. நிறத்தைத் தீர்மானிப்பது தோலுக்குள் இருக்கும் மெலனின். அதை உண்டாக்கும் கலங்கள் கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவை எவ்வளவு, எவ்வகை மெலனினை உண்டாக்குகின்றன என்பதில்தான் வித்தியாசம். அந்தக் கணக்கு வாப்பாவிடமிருந்தும் உம்மாவிடமிருந்தும் வந்தது. வெயிலின் கெடுதியிலிருந்து நம்மைக் காப்பதும் அதே மெலனின்தான். வெள்ளிக்கிழமை இரவில் பூசிய பயற்றம் மா அதைத் திருத்தி எழுதப் போவதில்லை.

சமையலறைச் சாமான் வெளுக்கவில்லை என்று தெரிந்த பிறகு பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பதுதான் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம். சிறிய டப்பாவில், பெயரோ உள்ளடக்கமோ எழுதாமல், “வீட்டில் செய்த கிறீம், பக்கவிளைவு இல்லை” என்று கைமாறி வரும் பொருட்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு வாரத்தில் முகம் வெளுப்பதும் உண்மை. அப்படி வெளுக்கச் செய்யக்கூடியவற்றில் ஒன்று பாதரசம். அது மெலனின் உருவாவதைத் தடுக்கிறது. தோலினூடாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்குகிறது. கருவில் உள்ள குழந்தையையும் எட்டுகிறது. ஆவியாகக் கூடியது என்பதால் பூசாதவர்களும், அதே வீட்டில் தவழும் பிள்ளையும்கூடத் தப்ப முடியாது. ஜப்பானில் கடலில் கலந்த பாதரசத்தால் ஓர் ஊரே நோயுற்றது. அந்த ஊரின் பெயரால் 2013இல் கையெழுத்தான மினமாட்டா சமவாயம், தோல் வெளுக்கும் கிறீம்களில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருப்பதை 2020உடன் நிறுத்தச் சொன்னது. இலங்கையும் அதில் ஒரு தரப்பு. ஆனால் சமவாயம் கடைக்குள் வந்து டப்பாவைத் திறந்து பார்க்காது. நாம்தான் பார்க்க வேண்டும். உள்ளடக்கம் எழுதப்படாத டப்பாவை வாங்காதீர்கள். “தங்கம், வெள்ளி நகையில் படவிடாதீர்கள்” என்று எச்சரிக்கும் கிறீமைக் கண்டால் பாதரசத்தைச் சந்தேகியுங்கள்.

மற்றையது ஸ்டெரொயிட் கலந்த களிம்பு. வைத்தியர் ஒரு நோய்க்கு, சில நாட்களுக்கு எழுதித்தரும் மருந்தை மாதக்கணக்கில் முகத்தில் தேய்த்தால் தோல் மெலியும், நரம்புபோல் சிவப்புக் கோடுகள் தெரியும், பரு வெடிக்கும், வேண்டாத இடத்தில் முடியும் வளரும். நிறுத்தினால் இன்னும் மோசமாகிறது என்று பயந்து திரும்பவும் பூசுவார்கள். ஏற்கெனவே பூசிவருகிறவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் தோல் வைத்தியரிடம் டப்பாவையும் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லி இதை முடித்துவிட எனக்கு மனமில்லை. கலியாணம் பேச வருகிறவர்கள் படிப்பைக் கேட்பதற்கு முன் “பிள்ளை வெள்ளையா, மாநிறமா?” என்று கேட்கிறார்கள். பிறந்த குழந்தையைப் பார்க்க வரும் மாமியும் சாச்சியும் காது மடலைத் திருப்பிப் பார்த்து நிறம் சொல்கிறார்கள். இவை பிள்ளைகளின் காதில் விழுகின்றன. பதினாறு வயதில் ஒருத்தி தேசிக்காயை வெட்டுகிறாள் என்றால், அந்தக் கத்தியை அவள் கையில் கொடுத்தது அவளுடைய கைத்தொலைபேசி மட்டுமல்ல.

இனி, நல்ல இரவு எப்படி இருக்கலாம் என்று சொல்கிறேன். நம் வீடுகளில் பெரும்பாலும் குளியல் தொட்டி கிடையாது; வாளியும் பேசினும் போதும். ஓட்ஸ் ஒரு கைப்பிடியை நன்றாக அரைத்து, மெல்லிய துணியில் முடிந்து, இளஞ்சூட்டுத் தண்ணீர் வாளியில் பிழிந்துவிட்டால் தண்ணீர் பால்போல் வரும். வறண்டு அரிக்கும் தோலுக்கு அது உண்மையிலேயே இதம் தருவது. கொதிக்கக் கொதிக்கக் குளிக்க வேண்டாம். பத்து நிமிடம் போதும். ஈரம் முழுதும் காயுமுன் கைகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம். பரு வரும் முகத்துக்கு அது துவாரங்களை அடைத்துவிடும். சீனி போட்டுத் தேய்ப்பது குதிகாலுக்கு மட்டும். முகத்தில் அந்தக் கூர்மணிகள் கீறிவிடும். கற்றாழை வெட்டினால் மடலை நிமிர்த்தி வைத்து மஞ்சள் பால் வடிய விடுங்கள். அந்தப் பால்தான் அரிப்பது. செவ்வரத்தை இலையைத் தண்ணீரில் கசக்கினால் வரும் வழுவழுப்புத் தலைக்குப் போதுமானது. புதிதாக எதைப் பூசினாலும் முதல் நாள் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பாருங்கள். மிஞ்சியதைப் போத்தலில் அடைத்து வைக்காதீர்கள்; தயிரும் பழமும் கெட்டுப்போவது முகத்துக்குப் பூசினோம் என்பதற்காக நிற்பதில்லை.

பெருநாள் இரவு மருதோன்றியும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இலையை அரைத்துக் கட்டினால் செம்மஞ்சளாகப் பிடித்து, மறுநாள்தான் கருஞ்சிவப்பாகும். அரை மணியில் கன்னங்கரேலென்று பிடிக்கும் கோனில் தலைச்சாயத்தின் இரசாயனம் கலந்திருக்கலாம். அது கொப்புளம் போடக்கூடியது, ஒருமுறை ஒவ்வாமை வந்தால் வாழ்நாள் முழுதும் தொடரக்கூடியது. மெதுவாகப் பிடிப்பதே மருதோன்றியின் அழகு. கையை அசைக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதற்கு நமக்குக் கிடைக்கும் ஒரே நியாயமான காரணமும் அதுதான்.

ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். இந்த இரவுகளில் எல்லோருக்கும் தண்ணீர் சுடவைப்பவரும், கடைசியில் மாவு ஒட்டிய கோப்பைகளைக் கழுவுபவரும் பெரும்பாலும் உம்மாவாகத்தான் இருக்கிறார். அடுத்த முறை பேசினில் முதலில் அவருடைய கால்கள் இருக்கட்டும். ஒரு கைப்பிடி உப்பு, பதினைந்து நிமிடம். சீனி வருத்தம் இருந்தால் சூடு தெரியாமல் போகலாம். ஆகவே தண்ணீரின் சூட்டை நீங்கள் கை வைத்துப் பாருங்கள், கால்களை அதிக நேரம் ஊற விடாமல் துடைத்துவிடுங்கள். தலையை யாராவது ஒருத்தி உருவிவிடுங்கள். தேத்தண்ணீர் ஊற்ற வாப்பாவுக்கும் தெரியும்.