தங்க அட்டை தேவைதானா?

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள இடைசெவல், வானம் பார்த்த கரிசல் பூமி. இந்த ஊரில் பிறந்த எழுத்தாளர் கு. அழகிரிசாமி 1950-களில் மலேயாவுக்குப் போய், 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தார். இன்றும் கரிசல் காட்டுப் பிள்ளைகள் பிழைப்புக்காகக் கடல் கடந்து போகிறார்கள்.

அடிக்கடி பறப்பவர்களுக்கு விமானக் கம்பெனிகள் 'வெள்ளி', 'தங்கம்' என்று தகுதி தருகின்றன. 1981-ம் ஆண்டு 'அமெரிக்கன் ஏர்லைன்ஸ்' இப்படி ஒரு திட்டம் தொடங்கியது. மற்றவர்களும் பின்பற்றினார்கள்.

தங்கம் என்றால் தனி வரிசை, ஓய்வு அறை, கூடுதல் சுமை. யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

கணக்கு என்ன?

2024-ம் ஆண்டு விதிப்படி, 'சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்' தங்கத் தகுதிக்கு 12 மாதத்தில் 50 ஆயிரம் மைல் சேர வேண்டும். சென்னையில் இருந்து சிங்கப்பூர் போய்வர சுமார் 3,600 மைல். அப்படியானால் 14 தடவை போய்வர வேண்டும்! மலிவு டிக்கெட்டுக்கு மைலும் குறைவு.

யாருக்கு லாபம்?

கம்பெனி செலவில் பறக்கும் அதிகாரிக்குத் தகுதி தானாக வரும். வரட்டும்.

ஆண்டுக்கு ஒரு தடவை ஊர் வரும் தொழிலாளி கைக்காசைப் போட்டு அதைத் துரத்தலாமா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! அந்தத் தகுதியும் ஓர் ஆண்டுக்குத்தான். மறு ஆண்டு மீண்டும் பறக்க வேண்டும்.

குறைந்த கட்டணம் எதில் என்று பார்த்து ஏறுவதே புத்திசாலித்தனம். மிச்சப் பணம் பொங்கலுக்கு இன்னொரு தடவை ஊர் வர உதவும். வாசலில் காத்திருக்கும் தாய், மகன் வந்தானா என்றுதான் பார்ப்பாள். அட்டையின் நிறத்தைக் கேட்கமாட்டாள்.