மாறும் வானமும் மாறாத கணக்கும்

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அம்மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட இது மிகுதி.

பெருமழை பெய்யும்போதெல்லாம் ‘நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழை’ என்னும் சொல் எழுகிறது. ஒருமுறை பெய்தபின் அடுத்த நூறாண்டுக்கு அச்சமில்லை என்று அதற்குப் பொருள் கொள்வது பிழை. அத்தகைய மழை ஒவ்வோர் ஆண்டும் பெய்வதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே புள்ளியியல் தரும் பொருள். அவ்வாறெனில், 30 ஆண்டுகளில் ஒருமுறையேனும் அது பெய்வதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 26 விழுக்காடு.

இக்கணக்கும், நேற்றைய வானிலையே நாளையும் தொடரும் என்னும் நம்பிக்கையின்மீது நிற்பதாகும். அந்நம்பிக்கை இன்று தளர்ந்துவிட்டது. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தன்னுள் கொள்ளும். ஆதலின் பெருமழை மேலும் வலுக்கும். நூறாண்டு மழை ஐம்பதாண்டு மழையாக மாறினால், மேற்சொன்ன 26 விழுக்காடு 45 ஆக உயரும்.

பாலத்தின் உயரமும் கலிங்கின் அகலமும் பழைய மழைப்பதிவுகளைக் கொண்டு வகுக்கப்பட்டவை. அப்பதிவுகளே நமக்கு அடித்தளம். அவற்றைப் புறக்கணித்தல் ஆகாது. எனினும், காலநிலை மாதிரிகளின் துணையுடன் அக்கணக்கைக் காலந்தோறும் புதுப்பித்தல் வேண்டும். பயிரிடுவதற்குச் சராசரி மழையளவு வழிகாட்டலாம். கரையை உயர்த்துவதற்கு உச்ச மழையையே அளவாகக் கொள்ள வேண்டும்.