மூழ்கிய இயந்திரமும் முதல் நாளும்

நிலத்தை விட்டு வந்து கரையோரத்தில் தங்க நேர்ந்த கமக்காரக் குடும்பங்கள் சில, கூட்டாக ஒரு வள்ளமும் இயந்திரமும் வைத்துச் சீவிக்கின்றன. வள்ளம் கவிழ்ந்தால் அந்த இயந்திரமும் நீருக்குள் போகிறது. அதைக் கரைக்கு இழுத்ததும் எல்லோரும் செய்வது ஒன்றே: ஸ்ராட்டர் கயிற்றைப் பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்ப்பது. இயந்திரம் பழுதாவது நீரினால் மட்டுமல்ல. இந்த இழுவையினாலும் அதன்பின் வரும் காத்திருப்பினாலுந்தான் என்பது எமது கருத்து.

காற்றை அமுக்கலாம்; நீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் நிற்கையில் பிஸ்ரன் மேலெழுந்தால் அதைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். ஆகவே முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். உப்பு நீரில் மூழ்கியதென்றால் நல்ல நீரால் உள்ளும் புறமும் கழுவுங்கள். பிளக் துவாரம் நிலத்தைப் பார்க்கச் சாய்த்து, கயிற்றை மெல்ல இழுத்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேறும். அப்போதும் கயிறு இறுகினால் தண்டு வளைந்திருக்கக் கூடும். மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். இறுகாவிட்டால் காபரேற்றரையும் எரிபொருள் தாங்கியையும் வடித்து, பிளக் துவாரத்தினூடாகச் சிறிது ஒயில் விட்டு, உலர்ந்த பிளக்கைப் பூட்டிப் புதிய எரிபொருளில் அன்றே அரை மணி நேரம் ஓடவிடுங்கள். வள்ள இயந்திரத்தின் கீழ்ப்பகுதி அப்போது ஒரு பீப்பா நீருக்குள் இருக்க வேண்டும்.

அன்றைக்கே முடியாவிட்டால்? வெயிலில் காயப் போடுவதுதான் வழக்கம். அது பிழை. துருப்பிடிக்க நீரோடு காற்றும் வேண்டும். கழுவிய இயந்திரத்தை மெக்கானிக்கிடம் சேர்க்கும் வரை நல்ல நீரில் முற்றாக அமிழ்த்தி வைப்பதே மேல். கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் வள்ள இயந்திரக் கைந்நூல்கள் சிலவும் இதையே சொல்கின்றன.

எமது மக்களுக்கு இது புதிய வித்தையல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து, மண்ணெண்ணெயில் இயந்திரம் ஓட்டித் தோட்டத்துக்கு நீர் இறைத்த கைகள் இவை. 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பாதித்தது போன்ற வெள்ளத்தில் மூழ்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் வேலை ஏறக்குறைய இதுவேதான். அதில் ஒயிலையும் பார்க்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது. மாற்றி, சிறிது ஓடவிட்டு, மீண்டும் மாற்ற வேண்டும்.

எமது மனக்குறை வேறு. அனர்த்தம் நேர்ந்தால் அரிசி, பாய், தறப்பாள் என்று நிவாரணம் வருகிறது. அவை தேவைதான். பிளக் கழற்றும் சாவியும் இரண்டு லீற்றர் ஒயிலும் அந்தப் பொதியில் இருப்பதில்லை. வாரங்கள் கழித்துச் சேத விபரம் எடுக்க வருகையில் இயந்திரம் துருவேறி இறுகிவிடுகிறது. பிறகு அது பழைய இரும்பு விலைக்குப் போகிறது. குடும்பம் புதியதற்குக் கடன்படுகிறது. ஒரு போத்தல் ஒயிலின் விலையோடு இந்தக் கடனை ஒப்பிட்டுப் பார்க்கும்படி நிவாரணம் திட்டமிடுவோரைக் கேட்கிறோம்.

ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு பெட்டி இருக்கட்டும்: சாவிகள், நாலைந்து பிளக், ஒயில், ஒரு புனல். குடும்பங்கள் மாதம் சிறு தொகை சேர்த்தாலே அதை நிரப்பி வைக்கலாம். ஐப்பசி மழைக்கு முன் இருவருக்காவது, ஒருவர் பெண்ணாக, இந்த வேலையைப் பழக்கிவிட வேண்டும். பெட்டியை ஆலயத்திலோ முன்பள்ளியிலோ உயரமான இடத்தில் வைக்கலாம். அதன் திறப்பு மட்டும் குடியிருப்புக்குள்ளேயே ஒருவரிடம் இருக்க வேண்டும்.