வெகுளாமை யாருக்கு விதித்தது?

தாய்க்குக் கோபம் வரலாமா என்ற கேள்வி சில மாதங்களுக்கு முன் எங்கள் பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறையில் எழுந்தது. பிரசவ லீவு முடிந்து திரும்பியிருந்த ஓர் இளம் ஆசிரியை, இரவெல்லாம் அழுத பிள்ளையைப் பார்த்துத் தான் உரத்துக் கத்தியதையும், கையிலிருந்த கோப்பையைச் சுவரில் வீசியதையும் தாழ்ந்த குரலிற் சொன்னார். கேட்டிருந்தவர்களுள் ஒருவர் இடதுசாரி மேடைகளிற் பெயர் பெற்றவர், நல்ல பேச்சாளர். அவர் புன்முறுவலோடு விடை பகர்ந்தார்: "அம்மா எண்டால் பொறுமை வேணும், டீச்சர். பூமாதேவி மாதிரி." மற்றவர்கள் தலையசைத்தனர். மணி அடித்தது. அவ்வாசிரியை கண்களைத் துடைத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போனார்.

அந்தப் பூமாதேவியோடுதான் எனக்கு வழக்கு. நிலம் உழுபவனிடம் கூலி கேட்பதில்லை, ஓய்வு கேட்பதில்லை, உறக்கமும் கேட்பதில்லை. ஆகவே ஒருத்தியைப் பூமி என்று விளித்துவிட்டால் அவளுக்குக் கொடுக்கவேண்டியது எதுவுமில்லை என்றாகிவிடுகிறது. புகழ்ச்சியின் வேடத்தில் வரும் இச்சொல் ஒரு கணக்கை மூடிவிடுகிறது. அக்கணக்கைத் திறந்து பார்ப்போம்.

பிறந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை வரை தாய்ப்பால் ஊட்டவேண்டும் என்பர் வைத்தியர். பத்து முறை என்றும், முறைக்கு 40 நிமிடம் என்றும் கொண்டால் நாளுக்கு 400 நிமிடம். வாரத்துக்கு 46 மணித்தியாலத்துக்கும் மேல். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வகுத்த சாதாரண வேலைநேரம் வாரத்துக்கு 45 மணித்தியாலம். பாலூட்டுதல் ஒன்றே சட்டத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது. துவைத்தலும் துடைத்தலும் தாலாட்டலும் சமைத்தலும் இன்னும் கணக்கில் ஏறவில்லை. இவ்வேலைக்கு இரவு பகல் என்ற பேதமுமில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கொரு தடவை எழுப்பப்படும் உடம்பு அது. தையல் ஆறாத உடம்பு. கருவுற்றிருந்த காலத்தில் உயர்ந்திருந்த ஓமோன்கள் சில நாட்களுக்குள் செங்குத்தாக வீழ்ந்துவிட்ட உடம்பு. கைதியை உறங்கவிடாமல் வைத்திருப்பதைச் சித்திரவதை என்று நாம் கண்டித்து எழுதுகிறோம். அமெரிக்கக் குழந்தை வைத்தியரான பிறேசல்ற்றன் 1962இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளின் அழுகை ஆறாவது வாரமளவில் உச்சமடைந்து நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலத்தை அண்மிக்கிறதெனக் கண்டார். அதாவது, தாயின் வலு மிகக் குன்றியிருக்கும் வேளையிலேதான் பிள்ளையின் அழுகை மிகக் கூடுகிறது.

இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் எழுதவில்லை. என் மகள் பிறந்து ஆறாவது வாரம். பின்னிரவு மூன்று மணி. என் கணவர் மேதினக் கூட்டத்துக்கான உரையை எழுதி முடித்துவிட்டு அடுத்த அறையில் உறங்கினார். 1886இல் சிக்காக்கோத் தொழிலாளர் எட்டு மணித்தியால வேலைநாளுக்காகச் சிந்திய குருதியைப் பற்றிய நல்ல உரை அது. எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தவள் நான். பால் குடித்த பின்னும் பிள்ளை அழுதது. தோளிற் போட்டேன், அழுதது. நடந்தேன்; அழுதது. ஒரு கணத்தில் அதன் இரு புயங்களையும் என் கைகள் இறுகப் பற்றியிருப்பதைக் கண்டேன். குலுக்கிவிடுவேன் என்று தெரிந்தது. பிள்ளையைத் தொட்டிலிற் கிடத்தி, கதவைச் சாத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்தேன். உள்ளே அழுகை கேட்டுக்கொண்டேயிருந்தது. பத்து நிமிடம் இருக்கும். அந்தப் பத்து நிமிடமும் உலகிலே கொடிய பெண் நானே என்று எண்ணினேன்.

பின்னர்தான் அறிந்தேன்: பச்சிளங் குழந்தையைக் குலுக்கினால் மூளையில் இரத்தம் கசிந்து உயிரே போகலாம். சினம் மிஞ்சும்போது குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கக் கிடத்திவிட்டுச் சற்று நேரம் விலகி நிற்பதுவே வைத்தியர்கள் கூறும் வழி. அன்றிரவு நான் செய்தவற்றுள் சரியானது அதுவொன்றே. பூமாதேவியாக இருந்து காட்டுவேன் என்று அங்கேயே நின்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என எண்ணவும் அஞ்சுகிறேன்.

இத்தகைய இரவைப் பற்றி எங்கள் இலக்கியம் என்ன சொல்கிறது? தமிழ் படித்தவள் என்ற முறையில் தேடிப் பார்த்தேன். பிள்ளையைப் பாடுவதற்கென்றே ஒரு பிரபந்த வகையை வைத்திருக்கும் மொழி நமது. பெரியாழ்வார் யசோதையாகிக் கண்ணனைப் பாடினார். குமரகுருபரர் மீனாட்சியம்மையைப் பாடினார். பிள்ளைத்தமிழுக்குப் பருவங்கள் பத்து. பாட்டியல் மரபிலே முதற் பருவமாகிய காப்பு மூன்றாந் திங்களுக்கு உரியது. செங்கீரை ஐந்தாந் திங்களுக்கு. ஆறாவது வாரம் எந்தப் பருவத்திலும் இல்லை! புலவர் வந்து சேரும்போது பிள்ளை சிரிக்கத் தொடங்கிவிட்டது. தாலப் பருவம் பாடியவர் ஒருமுறையேனும் களைத்துப் பாட்டை நிறுத்தியதாக நான் படித்ததில்லை. தொட்டிலை ஆட்டிய கை வேறொருத்தியுடையது.

குறளைத் தூக்கிக் காட்டுவோரும் உளர். வெகுளாமை என்ற அதிகாரத்தை வள்ளுவர் எங்கே வைத்தார் என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. அது முப்பத்தொன்றாம் அதிகாரம், துறவறவியலில் உள்ளது. வீட்டையும் மனைவியையும் பிள்ளையையும் துறந்து வெளியேறியவனுக்கு விதித்ததை, அவற்றுள் ஒன்றையேனும் ஒரு நாழிகை துறக்க வழியில்லாத பெண்ணிடம் கேட்கிறோம். பொறையுடைமை இல்லறவியலில் இருக்கிறதே என்பர். இருக்கிறது, தனக்குத் தீங்கிழைத்தவரைப் பொறுப்பவரின் பெருமையை அது பேசுகிறது. பொறுப்பவரின் பெருமை தீங்கிழைப்பவருக்கு அனுமதிச் சீட்டாகிவிடுமா? தொல்காப்பியரோ வெகுளியை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அது எவற்றின் அடியாகப் பிறக்கிறதென நான்கு காரணங்களைத் தந்தார். அவற்றுள் ஒன்று அலை: ஒருவரை அலைத்தல், வருத்துதல். சினத்தைக் கண்டதும் காரணத்தைத் தேடவேண்டும் என்ற அளவு அறிவு எமது பழைய இலக்கணகாரரிடம் இருந்தது.

"அந்தக் காலத்திலை நாங்கள் பெறேல்லையோ?" என்று எங்கள் ஆச்சிமார் கேட்பர். நியாயமான கேள்விதான். யாழ்ப்பாணத்திலே பிள்ளை பெற்றவளுக்கு 31 நாள் துடக்கு. அவள் அடுப்படிக்குப் போகலாகாது, கோயிலுக்குப் போகலாகாது. வேது வைத்துக் குளிக்கவார்ப்பர். சரக்கரைத்துப் பத்தியக்கறி ஆக்கிக் கொடுப்பர். அம்மம்மாவும் பெரியம்மாவும் சித்தியும் பிள்ளையை மாறி மாறி வைத்திருப்பர். தீட்டு என்ற பொய்க்குள்ளே ஓய்வு என்ற மெய் ஒளிந்திருந்தது. ஆனால் அந்த ஓய்வு யாருடைய முதுகிலிருந்து வந்தது? துடக்குச் சீலைகளை அள்ளிச் சென்று வெளுத்த சலவைத் தொழிலாளிப் பெண்ணும் பிள்ளை பெற்றவள்தான். அவளுக்கு அந்த 31 நாளைக் கொடுத்தவர் யார்? ஆகவே பழமைக்குத் திரும்புவோம் என்ற பேச்சுக்கு என்னிடம் இடமில்லை. 1983 முதல் 2009 வரை நடந்த போரும் அதனோடு வந்த புலப்பெயர்வும் அம்மம்மாவை ரொறன்ரோவிலும் சித்தியை இலண்டனிலும் கொண்டுபோய் வைத்தன. அவர்கள் இப்போது கைபேசித் திரையில் தோன்றி, பிள்ளை மெலிந்துவிட்டது என்று கவலைப்படுகின்றனர். பகுத்தறிவு துடக்கைக் கழித்தது, மெத்தச் சரி. துடக்கோடு ஓய்வையும் கழித்துவிட்டு அதற்கீடாக நாம் எதையும் வைக்கவில்லை.

மருத்துவ உலகம் இதைக் கவனிக்கத் தொடங்கியிருப்பது உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பிள்ளை பெற்ற பெண்களுள் நூற்றுக்கு 13 பேர் உளநோயால், பெரும்பாலும் மனச்சோர்வால், வருந்துகின்றனர். வளர்முக நாடுகளில் அத்தொகை நூற்றுக்கு 20ஐ அண்மிக்கிறது. இத்தகையோரைக் கண்டறிய 1987இல் வெளியான எடின்பரோ வினாக்கொத்து இன்று உலகெங்கும் பயன்படுகிறது. பத்து வினாக்கள். சிரிக்க முடிகிறதா, அழுகை வருகிறதா, காரணமின்றி அச்சம் தோன்றுகிறதா, காரியங்கள் தலைக்கு மேற் போகின்றனவா என்றெல்லாம் அது வினவுகிறது. சினம் வருகிறதா என்று ஒரு வினாவும் இல்லை. அழும் தாயைக் கேட்டறிய ஒரு வழி பிறந்தது. சினக்கும் தாய் தானாக வாய் திறக்கவேண்டியவளாகிறாள். வாய் திறந்தால் என்ன கிடைக்கும் என்பதை எங்கள் ஓய்வறையிற் கண்டோம்.

எல்லாச் சினத்தையும் சமுதாயத்தின் தலையிற் கட்டிவிட நான் முனையவில்லை. மனச்சோர்வு சிலரிடம் சினத்தின் முகத்தோடு வரும். அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, தன்னையோ பிள்ளையையோ அழித்துவிடும் எண்ணம் ஒருமுறை எழுந்தாலோ, மறைக்காமல் வைத்தியரிடம் போகவேண்டும். அது நோய், மாற்றக்கூடிய நோய். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவை அமைத்து, வீடு தேடி வரும் மருத்துவிச்சியை வளர்த்தெடுத்த நாடு இது. இன்றும் குடும்பநல உத்தியோகத்தர் படலையைத் திறந்துகொண்டு வருகிறார். நாம் தேநீர் கொடுத்து, எல்லாம் சுகம் என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். பக்கத்தில் மாமியார் நிற்கிறாரே!

ஆனால் மாத்திரை தொட்டிலை ஆட்டாது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் லீவு தருகிறது. அதற்கு முன் மூன்றாம் பிள்ளை பெற்றவளுக்கு 42 நாளே கிடைத்தது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட வேலைநேரத்தில் இரண்டு இடைவேளையும் உண்டு. ஏட்டில் நல்ல சட்டம். மலைச்சரிவிலே கொழுந்தெடுக்கும் பெண், நிறை குறைந்தால் சம்பளம் குறையும் என்ற அச்சத்தோடு பிள்ளைக்காம்பராவுக்கு ஓடி வருகிறாள், ஓடிப் போகிறாள். அவள் தன் சினத்தைச் சொல்ல ஓர் ஓய்வறைகூட இல்லை. அரச ஊழியனான தந்தைக்கோ மூன்று நாள் லீவு. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, பிறப்பைப் பதிந்து, இனிப்புப் பகிர்ந்து முடிக்க அது போதும். நாலாம் நாள் முதல் பிள்ளை அவளுடையது என்பதை அரசாங்கம் சுற்றுநிருபத்தின் மூலம் அறிவித்துவிடுகிறது.

முதலாளித்துவ அரசாங்கம் அப்படித்தான் இருக்கும் என்று தோழர்கள் சொல்லக்கூடும். தோழர்களின் வீடுகள் எப்படி இருக்கின்றன? லெனின் 1919இல் எழுதிய 'மாபெரும் தொடக்கம்' அவர்களின் அலுமாரிகளில் இருக்கிறது. வீட்டுவேலை பெண்ணை நசுக்கிவிடுவதையும், பொதுச் சமையற்கூடங்களும் குழந்தைக் காப்பகங்களும் புதிய சமுதாயத்தின் முளைகளென்பதையும் அதில் அவர் விளக்கினார். அந்தப் பக்கத்துக்கு வந்ததும் எங்கள் தோழர்களுக்கு உறக்கம் வந்துவிடுகிறது போலும். உறங்கட்டும்; ஆனால் முறை மாறி உறங்கட்டும். பிழிந்து வைத்த பாலைக் கோப்பையால் ஊட்ட ஆணின் கைக்கும் முடியும். தாய்க்கு இடையறாத நாலு மணித்தியால உறக்கம் கிடைத்தால் அவளுடைய சினத்தின் பாதி அங்கேயே அடங்கிவிடுவதை நான் என் வீட்டிற் கண்டேன். என் கணவர் இதைக் கற்றுக்கொள்ள இரண்டு மாதம் எடுத்தார். சண்டையிட்டே கற்பித்தேன் என்பதையும் ஒளிக்கவில்லை.

எங்கள் ஆசிரியர் சங்கக் கிளைக்கு இரண்டு தீர்மானங்களை எழுதிக் கொடுத்தேன். தந்தையருக்கு ஒரு மாதச் சம்பள லீவு கேட்பது ஒன்று. பாலூட்டும் ஆசிரியைக்கு முதலாம் பாடவேளையைத் தவிர்த்து நேரசூசி வகுப்பது மற்றொன்று. நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவதாக ஏற்றினர். எட்டாவதாகிய சம்பள முரண்பாடு பற்றிய விவாதம் மாலை ஆறு மணி வரை நீண்டது. வேண்டிய விவாதந்தான், நானும் பேசினேன். அது முடிந்ததும் செயலாளர் கடிகாரத்தைப் பார்த்து, ஒன்பதாவதை அடுத்த கூட்டத்துக்கு விடலாம் என்று முன்மொழிந்தார். பூமாதேவியைப் பற்றிப் பேசிய தோழர் வழிமொழிந்தார். கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க எல்லோரும் எழுந்தனர். அவ்விளம் ஆசிரியை அன்று கூட்டத்துக்கு வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பியிருந்தார்.